"அவர் குணமே அப்படித்தான்": ஒரு நிகழ்வு ஆய்வு

நான் மருத்துவ உளவியலாளர். திருப்பூரில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் வேலை. இங்கே எழுதுவது 47 வயதான ஒருவரைப் பற்றி. அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையையும் மதிப்பெண்களையும் மாற்றவில்லை.

எழுதக் காரணம், முதல் சந்திப்பில் நான் செய்த பிழை. எரிந்து விழுகிற ஒருவரைப் பார்த்ததும் "இது குணம்" என்று முடிவு கட்டினேன். அந்தக் குணத்துக்கு அடியில் கடுமையான மனச்சோர்வு இருந்தது. அது எனக்குப் புலப்படவில்லை.

பின்னணி

அவர் ஒரு பனியன் கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். பத்தாவது முடித்ததும் ஹெல்பராகச் சேர்ந்து, டெய்லராகி, பிறகு தம்பியோடு சேர்ந்து 12 மிஷின் போட்டுச் சொந்தமாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்தவர். நான்கு வருடத்துக்கு முன்பு கணக்கு வழக்கில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து பிரிந்தார்கள். மிஷின்களைத் தம்பி எடுத்துக்கொண்டார். இவர் பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பவும் சம்பளத்துக்குப் போனார்.

தொழிலில் கெட்டிக்காரர். தைத்த பீஸைக் கையில் எடுத்தால், எந்த மிஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாராம். அதே சமயம் யாரையும் நம்ப மாட்டார், யாரையும் மெச்ச மாட்டார். பத்து வருடத்துக்கு முன்பு ஒருவர் சொன்ன வார்த்தையை இன்றைக்கும் அப்படியே திருப்பிச் சொல்வார். தவறு தன்னுடையது என்று தெரிந்தாலும் மன்னிப்புக் கேட்டதில்லை. வீட்டில் மனைவி, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள். அம்மா பக்கத்து ஊரில் அக்கா வீட்டில் இருக்கிறார்.

கம்பெனியில் ஒரு ஹெல்பர் பையன் மேல் பீஸ் கட்டைத் தூக்கி எறிந்தார். அந்த வருடத்தில் இது மூன்றாவது சம்பவம். "ஆலோசனைக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்தால்தான் வேலை" என்று சொல்லி நிர்வாகம் அனுப்பிவைத்தது. அவராக விரும்பி வரவில்லை.

முதல் சந்திப்பு

உள்ளே வந்து உட்காரும் முன்பே கேட்டார்: "ஏனுங்க, நானென்ன பைத்தியமுங்களா? அந்த எச்.ஆர். பொண்ணுக்கு லைன்ல நின்னு ஒரு மணி நேரம் வேலை பாக்கச் சொல்லுங்க, யாரு பைத்தியமுன்னு தெரியும்."

25 நிமிடம் பேசினோம். அதில் முக்கால்வாசி நேரம் மற்றவர்களின் குறைகள்தான். டெய்லர்களுக்கு வேலை தெரியாது, மெர்ச்சண்டைசர் பொய் சொல்கிறார், மகளுக்கு மரியாதை இல்லை, தம்பி ஏமாற்றிவிட்டான். நான் கேட்ட கேள்விகளுக்கு, "இதெல்லாம் எதுக்குங்க" என்ற பதில். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தை நிரப்பச் சொன்னேன். 9 கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வை விரிவாக ஆராய வேண்டும். அவர் தூக்கத்துக்கு 3, அசதிக்கு 2 போட்டார். மற்றதெல்லாம் 0. மொத்தம் 5.

குறிப்பேட்டில் நான் எழுதியது: "கோபக் கட்டுப்பாட்டில் சிக்கல். நீண்டகால ஆளுமைக் கூறுகள். மனச்சோர்வு குறிப்பிடும்படி இல்லை." அடுத்த வாரம் வரச் சொன்னேன். வெளியே போகும்போது கட்டணம் குறித்து வரவேற்பில் இருந்தவரிடம் சத்தம் போட்டார். மனைவி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் பிழை அங்கேதான் தொடங்கியது. சிடுசிடுப்பான ஒருவர் பேசப் பேச, கேட்பவருக்குள் ஒரு விலகல் உண்டாகிறது. வீட்டில், கம்பெனியில், அக்கம்பக்கத்தில் அவருக்கு என்ன நடந்துகொண்டிருந்ததோ அதுவே என் அறையிலும் நடந்தது. பயிற்சி பெற்றவள் நான். எனக்கே தெரியாமல் நடந்தது.

இடைப்பட்ட 6 வாரங்கள்

இந்த வாரங்களில் நடந்தவை எனக்குப் பிறகுதான் தெரிய வந்தன. மேனேஜரோடு வாக்குவாதம் முற்றி, வேலையை விட்டு நின்றுவிட்டார். வீட்டில் எந்நேரமும் சத்தம் தாங்காமல் மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அப்புறம் வீட்டிலும் சத்தம் அடங்கிவிட்டது. பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். "கத்துறதை நிறுத்திட்டாரேன்னு நான் சந்தோசப்பட்டேனுங்க" என்று அவர் மனைவி சொன்னபோது எனக்கு என் நிம்மதி ஞாபகம் வந்தது.

ஒருநாள் விடியற்காலை 4 மணிக்கு அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். நிலப் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது, மகளின் அடுத்த பருவக் கட்டணத்துக்கு எந்தச் சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். "என் தம்பி பொறுமையாப் பேசி நான் கேட்டதே இல்லீங்க. அதுதான் பயந்துட்டேன்" என்றார் அக்கா. படிக்காதவர். அவருக்குப் புரிந்தது. முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து, இவரையும் இவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்துவிட்டார்.

இரண்டாம் சந்திப்பு: பழையது எது, புதியது எது

இந்த முறை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினோம். மூவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதில் எது எப்போதிலிருந்து?

அக்காவிடமிருந்து ஒரு தெளிவான வரைபடம் கிடைத்தது. சிறு வயதிலேயே பிடிவாதம், யாரிடமும் தோற்க மாட்டான், பம்பரம் விளையாடினால்கூடச் சண்டையில்தான் முடியும். அதெல்லாம் பழையது. மனைவி சொன்னது அதைவிடக் கூர்மையாக இருந்தது: "முந்தியும் கோவக்காரருதானுங்க. ஆனா அரை மணி நேரத்துல அடங்கிரும், அப்புறம் டீ கேப்பாரு. இப்ப எட்டு மாசமாக் கோவம் அடங்குறதே இல்லீங்க. டீயும் கேக்குறதில்லை."

எட்டு மாதத்துக்கு முன்பு என்ன நடந்தது? தம்பி புது வீடு கட்டிக் குடிபோனார். அண்ணனை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பத்திரிகையை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். இவர் போகவில்லை. அம்மா போனார், பால் காய்ச்சும்போது முன்னால் நின்றார். அந்தப் புகைப்படத்தை உறவினர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இவர் பார்த்தார். இதை அவர் என்னிடம் சொன்னது மூன்று வரிகளில். அதில் யாரையும் திட்டவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. இரவு 3 மணிக்கு விழிப்பு, பிறகு விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது. 6 கிலோ எடை குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தையல் மிஷின்களை வாங்கி வந்து பிரித்துச் சரிசெய்வது அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. ஐந்து மாதமாக அதைத் தொடவில்லை. "ஸ்குரூ டிரைவரை எடுக்கவே பிடிக்கலீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

பி.எச்.க்யூ-9 கேள்விகளை இந்த முறை நானே வாய்விட்டுக் கேட்டேன். "சோகமாக இருக்கிறதா" என்ற இடத்தில் "மனசு வெறுத்துப்போச்சுங்களா" என்று கேட்டேன். மொத்தம் 19. சாவதே மேல் என்ற எண்ணம் பாதி நாட்களுக்கு மேல் வருவதாகச் சொன்னார். நேரடியாகத்தான் கேட்டேன், நேரடியாகவே பதில் சொன்னார். இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கேட்பதால் அப்படி ஆவதில்லை.

எரிச்சல் மேலோங்கி இருந்ததால், அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டியிருந்தது. தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கிய நாட்கள் அவர் வாழ்க்கையில் இருந்ததில்லை. குடிப்பழக்கத்துக்கான ஆடிட் வினாத்தாளில் 6 வந்தது. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கவலை. தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் சரியாக இருந்தன.

எப்படிப் புரிந்துகொண்டோம்

ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பார்க்கும் மாதிரியில் "இணக்கம்" ஒன்று. அதன் எதிர்முனையைப் பகைமைப் போக்கு என்று இங்கே சொல்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின் மூன்றாம் பகுதி இதைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. பிறரைத் தன் வசதிக்கு வளைப்பது, வஞ்சகம், தற்பெருமை, கவனம் தேடுவது, இரக்கமின்மை, விரோதம் ஆகியவை அதில் அடங்கும்.

மனச்சோர்வோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வரும் ஆளுமைக் கூறு இது அல்ல. அந்த இடம், எளிதில் கலங்கிப்போகிற, கவலையில் மூழ்குகிற இயல்புக்குத்தான். பகைமைப் போக்கு உள்ளவர்கள் எல்லாருக்கும் மனச்சோர்வு வரும் என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் அந்தப் பட்டியலில் விரோதம் மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. டி.எஸ்.எம்.-5 அதைப் பகைமைப் போக்கிலும் வைக்கிறது, எதிர்மறை உணர்ச்சிகளின் பிரிவிலும் வைக்கிறது. பிறரை வளைத்துக் காரியம் சாதிக்கிறவரை மனச்சோர்வு அணுகாமலே போகலாம். பிறர் தன்னை ஏய்த்துவிட்டார்கள் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டே இருப்பவரின் நிலை வேறு. நம்மவர் இரண்டாவது வகை.

அடுத்தது ஒரு சுழற்சி. 1991இல் கான்ஸ்டன்ஸ் ஹாம்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் "நெருக்கடி உற்பத்தி" என்ற கருத்தை முன்வைத்தார். மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் வாழ்க்கையில் நடக்கும் சண்டை, பிரிவு போன்ற நெருக்கடிகளில் ஒரு பங்கு அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தாலேயே உண்டாகிறது, அது நோயை மேலும் வளர்க்கிறது என்பது அதன் சாரம். இங்கே கண்முன்னே அது நடந்தது. தம்பியிடம் பட்ட காயம், அதனால் எரிச்சல், எரிச்சலால் வேலை போனது, மகள் போனது, அதனால் "பாத்தீங்களா, யாருக்கும் நான் வேண்டாம்" என்ற முடிவு. அந்த முடிவுக்கு ஆதாரம் அவரே தயாரித்தது. ஆனாலும் அவருக்கு அது பொய்யான ஆதாரமாகத் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாரும் உண்மையாகவே விலகித்தான் போயிருந்தார்கள்.

முதல் சந்திப்பில் படிவம் ஏன் ஏமாற்றியது என்பதற்கும் காரணம் உண்டு. பி.எச்.க்யூ-9இல் எரிச்சலைப் பற்றிக் கேள்வி கிடையாது. டி.எஸ்.எம்.-5 குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும்தான் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது, பெரியவர்களுக்கு இல்லை. "சோகமா?" என்று கேட்டால் "இல்லை" என்று எழுதும் ஆண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அதோடு, தன்னை அனுப்பியவர்கள் மேல் கடுப்பில் இருப்பவர் எந்தப் படிவத்திலும் பலவீனத்தை எழுதிக்கொடுக்க மாட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பாதுகாப்பு. வீட்டில் ஆபத்தாகக்கூடிய பொருட்களை அக்கா அன்றே அப்புறப்படுத்தினார். முதல் இரண்டு வாரம் அவரைத் தனியே விடுவதில்லை என்று ஏற்பாடு. இரவில் நெருக்கடி வந்தால் அழைக்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மாநிலத்தின் சுகாதார உதவி எண் 104 இரண்டையும் மூவரின் போனிலும் பதியச் செய்தோம். உள்நோயாளியாகச் சேர்ப்பது பற்றியும் பேசினோம். அக்கா கூடவே தங்குவதாக உறுதி தந்ததாலும், வாரம் இருமுறை வர அவர் ஒப்புக்கொண்டதாலும் வீட்டிலேயே தொடர முடிவானது.

எங்கள் மனநல மருத்துவர் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தை 50 மில்லிகிராமில் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும், அதுவும் மனைவியின் கையில்.

மனைவியிடம் தனியாகக் கேட்டேன். அடித்ததில்லை, ஆனால் தட்டுகள் பறந்திருக்கின்றன. நோய் என்பதால் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லி, பெண்களுக்கான 181 எண்ணையும் கொடுத்தேன். அவர் உடனே மறுத்தார், "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று. ஆனாலும் எண்ணை எழுதி வைத்துக்கொண்டார்.

நான் எடுத்த முக்கியமான முடிவு, ஆளுமை பற்றிய பேச்சைத் தள்ளிப்போட்டது. மனச்சோர்வின் உச்சத்தில் ஒருவரின் ஆளுமையை அளந்தால், எல்லாக் கூறுகளும் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். நோய் இறங்கட்டும், மிச்சம் என்ன இருக்கிறது என்று பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன்.

பேச்சு முறையையும் மாற்றினேன். தம்பி செய்தது சரியா தவறா என்ற வழக்குக்குள் போகவில்லை. கம்பெனியில் செக்கிங் பிரிவில் பழுதுகளைக் குறிக்கும் தாள் இருக்கிறதல்லவா, அதே மாதிரி ஒரு தாள் போட்டு, தூங்கிய மணி நேரம், செய்த வேலை, கோபம் வந்த நேரம், அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது ஆகியவற்றைக் குறித்து வரச் சொன்னேன். உபதேசத்தை அவர் ஏற்க மாட்டார், கணக்கை ஏற்பார். மனச்சோர்வுக்குச் செயல் முனைப்புச் சிகிச்சை: வாரத்துக்கு ஒரு மிஷின், ஒரு நாளைக்கு அரை மணி நேரம், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

அதன் பிறகு நடந்தவை

9ஆம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். குமட்டலாம். "வேணுமுன்னே கொடுத்திருக்கறீங்க" என்று மருத்துவரிடம் சண்டை. தொடக்கத்தில் இந்த மருந்துக்குக் குமட்டல் சகஜம், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறையும் என்பதை நாங்கள் முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சந்தேகம் இயல்பாகவே உள்ளவருக்கு, சொல்லாமல் விட்ட பக்கவிளைவு சதியாகத்தான் தெரியும். நான்கு நாளில் மறுபடி தொடங்கினார்.

4ஆம் வாரம் மதிப்பெண் 15. மருந்து 100 மில்லிகிராமுக்கு உயர்ந்தது. தூக்கம் 5 மணி நேரத்தைத் தொட்டது.

6ஆம் வாரம் பெரிய உரசல். மகள் பற்றி அவர் சொன்ன ஒன்றை, மனைவியோடு பேசும்போது நான் வாய்தவறிக் குறிப்பிட்டுவிட்டேன். அவர் எழுந்து நின்று கத்தினார். "நீங்களும் அப்படித்தானா?" என்றார். முதல் சந்திப்பாக இருந்தால் உள்ளுக்குள் "இதுதான் இவர் குணம்" என்று எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் அன்று அவர் சொன்னது சரி. தவறு என்னுடையது. அதை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். என் கணிப்பில் சிகிச்சை உண்மையில் அந்த நாளில்தான் தொடங்கியது.

12ஆம் வாரம் மதிப்பெண் 8. சாவு பற்றிய எண்ணம் போய்விட்டிருந்தது. வீட்டு முற்றத்தில் மூன்று மிஷின்கள் ஓடும் நிலையில் இருந்தன. அதில் ஒன்றை விற்றிருந்தார்.

அப்போதுதான் குணம் எவ்வளவு, நோய் எவ்வளவு என்பது பிரிந்து தெரிந்தது. கோபம் வருவது குறையவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அரை மணி நேரத்தில் அடங்கியது, டீ கேட்டார். சந்தேகம், குத்திப் பேசுவது, பழைய கணக்கை விடாமல் பிடித்திருப்பது எல்லாம் அப்படியே இருந்தன. அடுத்த ஐந்து மாதம் அவற்றை எடுத்துக்கொண்டோம். அவருடைய தாள்களே உதவின. 31 கோபக் குறிப்புகளில் 22இன் முன்னால் "என்னைக் கேக்காமச் செஞ்சாங்க" என்ற பொருளில் ஏதோ ஒன்று எழுதியிருந்தார். அதை அவரே எண்ணிக் கண்டுபிடித்தார். அதை வைத்து, கோபம் ஏறும் முன் "என்னைக் கேட்டிருக்கலாமே" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினோம். பல தடவை தவறியது, சில தடவை பலித்தது.

10ஆம் மாதம் மதிப்பெண் 4. மருந்து தொடர்கிறது. இப்போது மிஷின் மெக்கானிக்காக மூன்று கம்பெனிகளுக்குப் போய்வருகிறார். ஆட்களை மேய்க்கிற வேலையைவிட இது அவருக்குப் பொருந்துகிறது. மகள் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறாள், அப்பாவோடு அதிகம் பேசுவதில்லை. தம்பியோடு பேச்சு இல்லை. தம்பியை நாங்கள் வரவழைக்க முயன்றபோது இருவரும் மறுத்துவிட்டார்கள்.

இன்று வந்தால் என்ன மாற்றிச் செய்வேன்

கூட வந்தவரிடம் பேசாமல் முதல் சந்திப்பை முடிக்க மாட்டேன். நோயாளியின் அனுமதியோடு ஐந்து நிமிடம் போதும். "முந்தி எப்படி, எப்போதிலிருந்து இப்படி" என்ற கேள்வியை எங்கள் பதிவுப் படிவத்தில் சேர்த்துவிட்டோம்.

பிறர் அனுப்பி வந்தவரிடம் படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்வதில்லை. வாயால் கேட்கிறேன். மதிப்பெண் குறைவாக வந்தாலும் தூக்கம், எடை, பிடித்த வேலையை விட்டது ஆகிய மூன்றையும் தனியாகக் கேட்கிறேன். அன்று தூக்கத்துக்கு அவர் 3 போட்டிருந்தார். அந்த ஒரு எண்ணைப் பின்தொடர்ந்திருந்தாலே போதும், 3 மணி விழிப்பு வெளியே வந்திருக்கும்.

ஆளுமை பற்றிய எந்த முடிவையும் முதல் நாள் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. எழுதிவிட்டால் அடுத்து பார்க்கிற மருத்துவரும் அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பார்ப்பார்.

ஒருவர் வராமல் போனதில் எனக்கு நிம்மதி வந்தால், அன்றே அவருக்குப் போன் செய்கிறேன். இதுவரை ஏழு பேருக்குச் செய்திருக்கிறேன். இரண்டு பேர் திட்டினார்கள். மூன்று பேர் திரும்ப வந்தார்கள்.